சாட்சிக் கூண்டு பாடத்திட்டத்தில் இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சைபர் தடயவியலில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு, சென்னையில் ஒரு தனியார் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். சேர்க்கை விளம்பரங்களைப் பார்க்கும்போதெல்லாம் இதை எழுத வேண்டும் என்று நினைப்பேன்.

எங்கள் செய்முறை வகுப்பு முழுக்க ஒரே ஒரு 8 ஜிபி பென் டிரைவில்தான் ஓடியது. சார் அதில் சில படங்களை அழித்து வைத்திருப்பார். ஆட்டோப்ஸி என்ற இலவச மென்பொருளில் போட்டு நாங்கள் மீட்போம். வருஷா வருஷம் அதே ஊட்டி டூர் படங்கள்தான். சீனியர் ரெக்கார்டு நோட்டைப் பார்த்தே எழுதிவிடலாம். வன்தட்டில் எதுவும் மாறாமல் படிக்க உதவும் ரைட் பிளாக்கரைப் பரீட்சையில் 5 மார்க்குக்குப் படமாக வரைந்ததோடு சரி. கருவிகளுக்குப் பல லட்சம் ஆகும், அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்.

2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய சட்டத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63-ஆவது பிரிவுப்படி, மின்னணு ஆதாரத்தோடு கோர்ட்டில் கொடுக்கும் சான்றிதழில் கருவிக்குப் பொறுப்பானவரோடு நிபுணரும் கையெழுத்திட வேண்டும். ஹாஷ் மதிப்பையும் (தரவில் ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடும் அடையாளக் குறியீடு), அதைக் கணக்கிட்ட முறையையும் குறிப்பிட வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவில் இந்த இரண்டாவது கையெழுத்து கிடையாது. நாங்கள் படித்ததோ 65பி மட்டும், அதுவும் ஒரு பக்கம்.

முதல்முறை சாட்சிக் கூண்டில் ஏறியபோது எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்: "இந்த ஹாஷைக் கணக்குப் போட்டது நீங்களாம்மா, மென்பொருளா?"

"மென்பொருள்தான் சார்."

"அப்போ அதைத்தானே கூண்டில் ஏற்றணும்?"

கோர்ட்டில் சிரிப்பு. எனக்கு வாய் வரவில்லை. திரும்பி வரும்போது, மின்சார ரயில் கிண்டியைத் தாண்டிய பிறகுதான் பதில் தோன்றியது: அதே பிரதியை வேறு எந்த மென்பொருளில் போட்டாலும், எஸ்ஹெச்ஏ-256 முறையில் அதே 64 எழுத்துகள்தான் வரும், உங்கள் தரப்பு ஆளே போட்டுப் பார்க்கலாம், ஐயா. பாடம் எனக்குத் தெரியாமல் இல்லை. அதை நாலு பேர் நடுவில் நின்று சொல்ல யாரும் பழக்கவில்லை.

பெரிய செலவு எதுவும் கேட்கவில்லை. ரிச்சி தெருவில் நாலு பழைய போன்களை வாங்கி, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று ஒவ்வொரு முறையும் எழுதவைத்து, மாணவர்களே 63-ஆவது பிரிவுச் சான்றிதழைத் தயாரிக்கட்டும். அப்புறம் பக்கத்துச் சட்டக் கல்லூரி மாணவர்களை அழைத்துக் குறுக்கு விசாரணை செய்யச் சொல்லுங்கள். அவர்களுக்கும் பழக ஆள் வேண்டும்தானே? முதல் திணறல் வகுப்பறையிலேயே நடந்து முடியட்டும்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
தாம்பரம்.