பினாங்கு ஸ்ட்ரீட் கிட்டங்கி: சாமி அறைத் திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

தண்ணீர்மலை முருகன் அருளால், பினாங்கில் நகரத்தார் தங்கி வட்டித் தொழில் நடத்திய நம் கிட்டங்கியின் சாமி அறைத் திருப்பணி நிறைவடைந்தது. கூரை ஓடு மாற்றியாயிற்று. மாடிப்படியில் செல்லரித்த பலகைகளும் புதிதாயின. நாள் பிடித்தது சுவர்தான். பழைய செங்கல்மேல் பின்னாளில் பூசிய சிமெண்டு, ஈரத்தை வெளியே விடாமல் உள்ளேயே அடைத்து வைத்திருந்தது. அதைக் கொத்தி எடுத்துச் சுண்ணாம்புச் சாந்து பூசி, காயவிட்டு, மறுபடி பூச வேண்டியதாயிற்று. நம் பினாங்கு நகரமான ஜார்ஜ் டவுன் 2008இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தபின் இங்கே நினைத்தபடி இடிக்கவோ கட்டவோ முடியாது; நமக்கு அது நல்லதாகவே முடிந்தது. தணிக்கை செய்த வரவு செலவு தனித்தாளாக இணைக்கப்பட்டுள்ளது.

இனி, கல்வெட்டு. இங்கே முதலில் பெட்டியடி (கணக்குப் பெட்டி வைத்துத் தொழில் நடத்தும் இடம்) போட்டு உட்கார்ந்தவரின் பெயரைச் சாமி அறை வாசலில் பொறிப்பதென்று பொதுக்கூட்டத்தில் முடிவானது. 'கொடைவள்ளல்' என்று போடச் சொன்னவர்கள் உண்டு. 'பெருந்தனவந்தர்' என்றவர்களும் உண்டு. பேரேடுகளைப் புரட்டிய பிறகு குழு இரண்டையும் ஏற்கவில்லை. அவர் முதலாளியே அல்ல. தேவகோட்டை முதலாளி ஒருவரின் ஏஜெண்டு, சம்பளக்காரர். (பெயரும் விலாசமும் கல்லில் இருக்கின்றன. அவர் வழியினர் கேட்டுக்கொண்டதால் இங்கே தரவில்லை.)

அவர் பிறந்தது ஒரு வீடு, பிள்ளைகூட்டிக்கொண்டது இன்னொரு வீடு. நகரத்தாரில் சுவீகாரம் வெளியே போகாது. ஒன்பது கோவில்களில் எந்தக் கோவிலோ அந்தப் பங்காளிகளுக்குள்தான். வந்து சேர்ந்த வீட்டில் பெருமை இருந்தது, ரொக்கம் இல்லை. மீசை அரும்புமுன்பே நாகப்பட்டினத்தில் கப்பலேறிக் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, வந்துவிட்டார். கூடத்தில் கூட்டுவது, சீட்டு கொண்டுபோய்க் கொடுப்பது, ராத்திரி வட்டிக் கணக்குப் போட்டுப் பார்ப்பது: பெட்டியடிப் பையனுக்கு அதுதான் பள்ளிக்கூடம். பிறகு அடுத்தாள், அதன்பிறகு மேலாள்.

ஒரு கணக்கு என்பது மூன்று வருஷம். முடிந்ததும் ஐந்தொகை (வரவு, கடன், இருப்பு எல்லாம் சேர்ந்த முடிவுக் கணக்கு) எடுத்து, அடுத்து வருபவரிடம் பெட்டியை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்ப வேண்டும். சம்பளத்தில் ஒரு பகுதியைப் புறப்படும்போதே கொடுத்துவிடுவார்கள், அது வீட்டுக்கு. அவர் மனைவி, ஆச்சி, கடல் தாண்டவே இல்லை. ஏஜெண்டுகள் குடும்பத்தை அழைத்துவரும் வழக்கம் அன்று இல்லை. கல்யாணமானதும் வேறு வைத்து, ஒரே வீட்டுக்குள் மருமகளுக்குத் தனி அடுப்பு கொடுப்பது நம் முறை. அந்த அடுப்பையும் பிள்ளைகளையும் மூன்று மூன்று வருஷமாகத் தனியே பார்த்துக்கொண்டவருக்கு நம் கல்லில் இடமில்லையா என்று குழுவின் பெண் உறுப்பினர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. பேரேட்டிலும் ஆச்சியின் சீதனப் பணம் தனி வரவாக நின்று வட்டி சம்பாதித்துக்கொண்டிருக்கிறது!

கடன் வாங்கியவர்களில் சீன ஈயச் சுரங்கத்தார் உண்டு, நிலத்தை ஈடு வைத்த மலாய்க்காரர் உண்டு, அபின் வியாபாரிகளும் உண்டு. அபின் சங்கதியை விட்டுவிடலாமே என்று சிலர் சொன்னார்கள். அரசாங்கமே குத்தகைக்கு விட்ட சரக்கு அது. அன்றைய கணக்கில் இருப்பதை இன்று மறைத்து என்ன ஆகப்போகிறது?

நம்மிடம் உள்ள பேரேடுகளில் பிள்ளையார் சுழிக்கு அடுத்து வருவது மகமைக் கணக்கு. தொழிலில் வந்ததில் சாமிக்கு என்று எடுத்து வைத்தது. தொகைகள் சிறியவைதான். ஆனால் இந்தத் தெருவில் ஒரு கூரையின்கீழ் பல பெட்டியடிகள் இருந்தன. எல்லோரும் எடுத்து வைத்தார்கள். 1857இல் எழுந்த தண்ணீர்மலைக் கோவிலும், காரைக்குடியில் செய்து 1894இல் கப்பலில் வந்த வெள்ளி ரதமும் நகரத்தார் பொதுவில் செய்தவை. ஓர் ஆளை வள்ளலாக்கிக் கல் நட்டால் மற்றவர்களின் காசு எங்கே போகும் என்பதே குழுவின் வாதம். ஆகவே கல்லில் 'ஏஜெண்டு' என்றே இருக்கிறது. கீழே, அதே அளவு எழுத்தில், ஆச்சியின் பெயர்.

பேரேடுகள் துடைத்து, துணி சுற்றி, மாடி அலமாரியில் வைக்கப்பட்டுள்ளன. பழைய தமிழ் எண்களில் எழுதியவை. படிக்கத் தெரிந்த பெரியவர்கள் நேரம் ஒதுக்கினால் நன்றாக இருக்கும். பார்க்க விரும்புவோர் செயலாளரிடம் முன்கூட்டிச் சொல்லவும். படம் எடுக்கலாம், பக்கத்தை மடிக்க வேண்டாம்.

அஞ்சடியில் (வாசல் முன்னுள்ள கூரையிட்ட நடைபாதை) தரைக்கல் வேலை மட்டும் பாக்கி. தைப்பூசக் கூட்டம் கலைந்தபின் தொடங்கும்.