லாட்ஜ் சுற்றறிக்கைகளும் ஆவணங்களே

ஆசிரியருக்கு,

மெரினா காவல்துறைத் தலைமையகக் கட்டடம் பற்றிய தங்கள் செய்தியைப் படித்தேன். 1839இல் ஃப்ரீமேசன்கள் எனப்படும் சகோதரத்துவ அமைப்பினர் தங்கள் மண்டபமாக எழுப்பிய கட்டடம் அது என்பதைக் குறிப்பிட்டது நன்று. ஆனால் செய்தி தூண்களோடு நின்றுவிட்டதே என்பதுதான் என் மனக்குறை. அங்கே கூடியவர்கள் ஒருவரோடு ஒருவர் எப்படிப் பழகினார்கள் என்பதும் வரலாறுதான். ஆற்காடு நவாபின் மகன் உம்தத்-உல்-உமாரா 18ஆம் நூற்றாண்டிலேயே திருச்சியில் உறுப்பினரானவர். அத்தனை நீண்ட மரபை ‘ரகசியச் சங்கம்’ என்ற ஒற்றைச் சொல்லில் தள்ளிவிடுவது நியாயமன்று.

என் தந்தை ஒரு லாட்ஜில், அதாவது ஃப்ரீமேசன்களின் கிளைச் சங்கத்தில், உறுப்பினராக இருந்தார். மாதந்தோறும் தபாலில் வரும் கூட்ட அறிவிப்பின் அடியில் ஓரிரு வரிகள் இருக்கும்: ஒருவருக்குக் கண் அறுவைச் சிகிச்சை, இன்னொருவர் வீட்டில் திருமணம், மறைந்த உறுப்பினரின் பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம். அப்பா அதைப் படித்த கையோடு மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுவார். சாதி, மதம், பதவி எதுவும் பாராத அந்த நட்புக்கு இத்தாள்களைவிட நல்ல சான்று இல்லை. உறுப்பினர் மறைந்ததும் அவை பழைய பேப்பர் கடைக்குப் போகின்றன. ஒவ்வொரு லாட்ஜும் சடங்கு சார்ந்தவற்றைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, பழைய அறிவிப்புகளின் பிரதிகளை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு வழங்கலாம். காப்பகமும் தானே முன்வந்து அவற்றைக் கேட்டுப் பெற வேண்டும்.

– வாசகர், திருச்சி