லொறிக்காரன் என்றே சொல்லு

அன்பு மகளுக்கு,

நான் சுகம். நேற்று நீ கதைத்துக்கொண்டிருக்கும்போதே லைன் அறுந்துவிட்டது, அதனால்தான் எழுதுகிறேன். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு அழுதழுது போன பிள்ளைக்கு இப்படி நீளமாகத் தமிழில் எழுதுவதில் எனக்கு ஒரு சந்தோசம்தான்.

மாப்பிள்ளை வீட்டார் "அப்பா எந்த எயார்லைன்ஸ்?" என்று கேட்டார்களாம், நீயும் "வடக்குப் பக்கம் ஓடுகிறார்" என்று சொல்லிச் சமாளித்தாயாம். எதற்குச் சமாளிக்க வேண்டும்? செட்டை முளைத்த லொறி ஒன்று ஓடுகிறார் என்றே சொல்லு. தொப்பி இல்லை, தோளில் பொன்வரி இல்லை, பணிப்பெண் கொண்டுவந்து தரும் கோப்பியும் இல்லை. மேலும் கேட்டால் சொல்ல உனக்கும் நாலு விசயம் தெரிந்திருக்க வேண்டுமே.

இங்கே வட ஒன்ராறியோவில் 599ஆம் நெடுஞ்சாலை பிக்கிள் லேக் என்ற ஊரோடு முடிந்துவிடும். அதற்கும் வடக்கே இருக்கிற முதற்குடி, அதாவது பூர்வகுடி மக்களின் ஊர்களில் பெரும்பாலானவற்றுக்கு, ஏரியும் சதுப்பும் உறைந்து பனிவீதி திறக்கும் சில கிழமைகள் தவிர, ஆகாயம்தான் வழி. தை நடுவில் திறந்தால் பங்குனியில் கரைந்துவிடும். அதையும் இப்போது நம்ப முடியாது. 2024 குளிர்காலத்தில் வீதிகள் ஒழுங்காக உறையவில்லை என்று வட ஒன்ராறியோவின் முதற்குடித் தலைவர்கள் அவசரநிலையே அறிவித்தார்கள். லொறி கொண்டுபோகாதது முழுக்க எங்கள் தலையில்தான் விழும்: பால், முட்டை, பம்பேர்ஸ், சோடா, ஒட்டுப்பலகை, ஸ்கிடூ என்கிற பனிவண்டிக்கு உதிரிப்பாகம், சிலவேளை சவப்பெட்டி.

எனக்கு மனம் ஒப்பாத சாமான் ஒன்று இருக்கிறது: போத்தல் தண்ணீர். நெஸ்கன்ராகா என்று ஓர் ஊர், ஏரிக்கரையில். 1995 மாசியிலிருந்து அங்கே குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்கக் கூடாது என்ற அறிவித்தல். நீ பிறக்க முன்னமே வந்த அறிவித்தல் அது. கனடா மாதிரி ஒரு பணக்கார நாட்டில், கீழே கண்ணுக்கெட்டின தூரம் ஏரியாகக் கிடக்க, நான் மேலே தண்ணீர் சுமந்துகொண்டு போகிறேன். கூலி வாங்குகிறேன், அது வேறு. ஆனாலும் வெட்கக்கேடு.

சரி, வேலையைப் பற்றிச் சொல்கிறேன். நான் ஓடுகிற செஸ்னா கரவான் விமானத்துக்கு ஒரே ஒரு இயந்திரம், ஒரே ஒரு விமானி. சாமானும் எரிபொருளும் நானும் சேர்ந்து, கிளம்பும்போது முழு எடை 8,750 இறாத்தலைத் தாண்டக் கூடாது. மொத்த எடை சரியாக இருந்தால் மட்டும் போதாது, எந்தப் பாரம் எந்த இடத்தில் இருக்கிறது என்பதுதான் பெரிய விசயம். பின்னுக்குக் கூடினால் மூக்கு மேலே தூக்கும், பிறகு ஒன்றும் செய்ய ஏலாது. ஏற்றும்போதே வால் நிலத்தில் குந்திவிடும் என்று அதற்குக் கீழே ஒரு கம்பு முண்டு கொடுத்துவிட்டுத்தான் தொடங்குவோம். பாரமானது முன்னுக்கு, அதற்குமேல் வலை, பட்டி. ஒவ்வொரு பட்டியையும் நானே இழுத்துப் பார்ப்பேன். பெடியன்கள் நன்றாகத்தான் கட்டுவார்கள், என்றாலும் ஓடப் போகிறவன் நான். வாழைப்பழமும் உருளைக்கிழங்கும் கடைசியாகத்தான் ஏறும், போர்வையால் சுற்றி. அங்கே இறக்கி வைத்துக் கதைத்துக்கொண்டு நின்றால் உறைந்து கறுத்துவிடும்.

பிறகு பனி. இந்த விமானத்துக்குக் குளிர்காலத்தில் இறக்கையைக் கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது, கையாலும் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. இறக்கையோ என் தலைக்கு மேலே. ஏணியில் ஏறி, கையுறையைக் கழற்றி, முன்விளிம்பிலிருந்து பின்னுக்குத் தடவிக்கொண்டு போவேன். நல்ல வெளிச்சத்திலும் கண்ணுக்குத் தெரியாத படலம் விரலுக்குச் சொரசொரவென்று தட்டுப்படும். அப்படித் தட்டுப்பட்டால் அதைப் போக்கும்வரை விமானம் எழும்பாது. அம்மாவிடம் இதைச் சொல்லாதே, கை விறைத்துப்போகும் என்று அழுவா.

போகும் இடத்தில் கட்டுப்பாட்டுக் கோபுரம் கிடையாது. 126.7 என்ற வானொலி அலைவரிசையில் அவரவர் எங்கே நிற்கிறோம் என்று நாங்களே சொல்லிக்கொள்வோம். மார்கழியில் பின்னேரமே இருட்டிவிடும். அந்த ஊரின் அலைவரிசைக்கு மாற்றி, மைக் பொத்தானை ஐந்து செக்கனுக்குள் ஐந்து தரம் அழுத்தினால், ஒன்றும் தெரியாத காட்டுக்குள் ஓடுபாதை விளக்குகள் எரியும். எத்தனை வருடமானாலும் எனக்கு அது பிடிக்கும். இறங்கினால் சரளைக்கல். பிக்கப்புகளும் ஸ்கிடூக்களும் காத்து நிற்கும், இயந்திரம் நின்ற உடனே சனம் வந்து இறக்கத் தொடங்கிவிடும்.

ஓடுகிற நேரத்தைவிடக் காத்திருக்கிற நேரம் கூட. முகில் இறங்கிவிட்டது, பனி கொட்டுகிறது, "இன்னும் ஒரு பெட்டிதானே அண்ணை" என்ற கெஞ்சல் வேறு. கெஞ்சுவது பக்கத்து வீட்டுப் பெடியன், முகத்தைப் பார்த்து ஏலாது என்று சொல்வது கஷ்டம்தான். ஆனால் எதை ஏற்றுவது, எதை நாளைக்கு விடுவது, இன்றைக்குப் போவதா நிற்பதா என்று சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். நல்ல காலநிலையில் யாரும் ஓடுவார்கள். இதை மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொன்னால் விளங்குமோ தெரியாது, மாப்பிள்ளைக்கு விளங்கினால் எனக்குப் போதும்.

உன் தம்பி கோடை விடுமுறைக்கு இங்கே வந்து நிற்கப் போகிறானாம். வந்த உடனே ஓடலாம் என்று நினைக்கிறான் போல. இந்தப் பக்கத்தில் லைசென்ஸ் எடுத்த பெடியன்களே முதலில் ஒரு வருடம், இரண்டு வருடம் என்று சாமான் ஏற்றி இறக்கித்தான் விமானி ஆசனத்துக்கு வருகிறார்கள். அவனிடம் லைசென்சும் இல்லை. வரட்டும், பெட்டி தூக்கட்டும். இரும்பு முனை வைத்த சப்பாத்து ஒரு சோடி வாங்கிக் கொடு, மொத்தச் சொக்ஸைப் போட்டுக்கொண்டு அளவு பார்க்கச் சொல்லு. கறுப்பு ஈக்கு வலைத் தொப்பியும் வேண்டும். காசு நான் அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா