மாமாவின் நெல்லும் லேப்டொப்பும்

மட்டக்களப்பு

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. வைகாசிச் சடங்கு முடிந்த பிறகுதான் பேனை பிடிக்க நேரம் கிடைத்தது. கச்சான் காற்று தொடங்கிவிட்டது. பகலில் கல்லடிப் பாலத்தைச் சைக்கிளில் கடந்தால் முகம் எரிகிறது.

லினக்ஸ் கேர்னல் ஏன் ஒவ்வொரு தடவையும் ரேமில் வேறு இடத்தில் போய் ஏறுகிறது என்று கேட்டிருந்தாய். போன மாதம் இதையே கேட்டு நானும் திட்டித் தீர்த்தேன். அது காஸ்லர் என்ற பாதுகாப்பு: இயங்குதளத்தின் மையமான கேர்னல் எங்கே இருக்கிறது என்று ஊடுருவுகிறவன் ஊகிக்காதபடி, ஒவ்வொரு பூட்டிலும் அதன் இடத்தை மாற்றும். மருமகளின் பழைய லேப்டொப், நாலு ஜீபி ரேம். ஒரு நாள் ஒழுங்காகப் பூட் ஆகும், மறுநாள் கறுப்புத் திரையோடு நிற்கும். டிஸ்க்கை மாற்றினேன், லினக்ஸைப் புதிதாகப் போட்டேன், பலனில்லை. கடைசியில் கேர்னலுக்குக் கொடுக்கும் பூட் வரியில் 'நோகாஸ்லர்', அதாவது காஸ்லர் வேண்டாம், என்று சேர்த்தேன். அடம்பிடிக்காமல் ஒவ்வொரு முறையும் எழும்பியது! ஆனால் பிரவுசரைத் திறந்தால் செத்துவிடும். இரவு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்டை ஓட விட்டேன். ரேமின் மேல் பாதி முழுக்கச் சிவப்பு வரிகள்.

அந்தச் சொல்லைச் சேர்த்தால் கேர்னல் வழமையான 16 எம்பி இடத்திலேயே ஏறும். அங்கே ரேம் நல்லது. சேர்க்காவிட்டால் சீட்டு எங்கே விழுகிறதோ அங்கே ஏறும். பழுதான பக்கம் விழுந்தால் முடிந்தது கதை. பாவம், காஸ்லர் மேல் பிழையில்லை. ரேமை மாற்றி, அந்தச் சொல்லையும் எடுத்துவிட்டேன்.

அந்தச் சீட்டைப் போடுவது, சுருக்கிக் கட்டிய கேர்னலை விரிக்கும் சின்ன நிரல். சிபியூவின் ரேண்டம் எண்ணையும் நேர எண்ணியையும் கலந்து, 2 எம்பி படிகளில் ஓர் இடத்தைத் தெரிவு செய்யும். பூட் தொடக்கத்துக்கான தற்காலிகக் கோப்புகள் உள்ள இனிட்ரேம்டிஸ்க் போன்றவை ஏற்கெனவே கிடக்கும் இடங்களை மிதிக்காது. கீஸ் குக்கின் வேலையாக இது 2014இல் 3.14 பதிப்பில் வந்தபோது, ரேமில் உள்ள இடமும், கேர்னல் தன் வேலைக்குப் பயன்படுத்தும் மெய்நிகர் முகவரியும் ஒரே அளவுதான் நகர்ந்தன. ஒரு ஜீபிக்குள் ஐந்நூறு இடம் வரை, அவ்வளவுதான். 2016இல் 4.8 பதிப்பில் இரண்டையும் பிரித்தார்கள். இப்போது ஒன்றைக் கண்டுபிடித்தவனுக்கு மற்றது தெரியாது. நாலு ஜீபி மெஷினில் ரேம் பக்கம் மட்டும் ஏறக்குறைய இரண்டாயிரம் இடங்கள். எனக்குப் பிடித்த மாற்றம் இதுதான்.

ஆனாலும் இதை முழுசாக நம்பமாட்டேன். வவுணதீவுப் பக்கம் மாமாவின் வீடு நினைவிருக்கிறதா? போன வருடம் யானை குசினிச் சுவரை உடைத்து நெல்லைத் தின்றது. அதனால் இந்தப் பங்குனியில் மூட்டைகளைப் பின்னறைக்கு மாற்றினார். யானை குசினியைத் திரும்பியும் பார்க்கவில்லை, நேரே பின்னறைச் சுவரைத் தள்ளிவிட்டது. நான் போனபோது உமியும் செங்கல்லும் ஒன்றாய்க் கிடந்தன. மணம் இருக்கும்போது எந்த அறை என்று யார் சொல்ல வேண்டும்?

கேர்னலுக்கும் மணம் உண்டு. நினைவகம் பதில் சொல்லும் நேரத்தை அளந்தே அதன் மெய்நிகர் முகவரியை மோப்பம் பிடிக்கலாம். 2018 ஜனவரியில் மெல்ட்டவுன் என்ற சிபியூக் குறை வெளிவந்தபோது, சாதாரண நிரல்களின் பக்க அட்டவணையிலிருந்து (மெய்நிகர் முகவரியை ரேமின் இடத்தோடு இணைக்கும் பட்டியல்) கேர்னலின் பெரும்பகுதியையே எடுத்துவிட வேண்டி வந்தது. அதற்காகக் காஸ்லரை அணைத்து வைக்காதே. யானைக்கு ஒரு சுவராவது கூடுதலாக இருக்கட்டும்.

மாமா சிறுபோக நெல்லை வெட்டின கையோடு விற்றுவிடப் போகிறாராம். விலை கேட்டால் அழுகை வரும். நீ ஓகஸ்டில் வருவது மெய்தானா? வந்தால் அந்தப் பழுதான ரேமைத் தருகிறேன், சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழன்