லக்ரோஸ் ஆடும் மாணவியரின் பெற்றோருக்கு

அன்புடைய பெற்றோருக்கு,

வணக்கம். செப்டம்பரிலிருந்து எட்டாம், ஒன்பதாம், பத்தாம் தரங்களுக்கான சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு பிற்பகல் இரண்டு மணிக்குத் தொடங்கும். காலையில் லக்ரோஸ் (வலை கட்டிய மட்டையால் பந்தைப் பிடித்தும் எறிந்தும் கோல் போடும் ஆட்டம்) பயிற்சிக்குப் போகிறவர்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு வகுப்புக்கு வரலாம். தமிழா, மைதானமா என்று பிள்ளைகளைத் தவிக்க விட எங்கள் ஆசிரியர் எவருக்கும் மனமில்லை.

நேரம் மாறுவதைச் சொல்ல இவ்வளவே போதும். ஆனால் சென்ற பெற்றோர் சந்திப்பில் சிலர், "பெண்பிள்ளைக்கு இந்த முரட்டு விளையாட்டு எதற்கு? இனிப் படிப்பைப் பார்க்கட்டும்" என்றீர்கள். அந்தக் கவலையைத் தட்டிக்கழிக்காமல் பதில் சொல்வது என் கடமை.

நீங்கள் தொலைக்காட்சியில் பார்ப்பது பெரும்பாலும் ஆண்களின் ஆட்டம். மகளிர் ஆட்டத்தின் விதிகள் வேறு. உடலால் மோதித் தள்ளக் கூடாது. கண்ணுக்குக் காப்புக் கண்ணாடியும் பல்லுக்குக் காப்பும் கட்டாயம். கோலை நோக்கிப் பந்தெறிய ஒருத்தி ஆயத்தமாகும்போது, எதிரணிப் பெண் ஒருத்தி, எந்த ஆட்டக்காரியையும் தடுப்பதற்காக ஒட்டி நிற்காமல், அவளுக்கும் கோலுக்கும் நடுவே வந்து நின்றாலே தவறு. மட்டையின் வலையும் ஆழமில்லாதது. ஓடும்போது மணிக்கட்டைச் சுழற்றிக்கொண்டே இருந்தால்தான் பந்து விழாமல் தங்கும். ஆட்டம் தொடங்கும் கணத்தை ஒருமுறை அருகில் நின்று பாருங்கள். இரண்டு பேர் எதிரெதிரே நின்று மட்டைகளை முதுகோடு முதுகாகச் சேர்த்துப் பிடிக்க, நடுவர் அவற்றுக்கு இடையில் பந்தைச் செருகி வைப்பார். விசில் ஊதியதும் இருவரும் ஒரே வீச்சில் மட்டையை மேலே இழுக்க, பந்து தலைக்கு மேல் எழும். அங்கே வெல்வது கையின் நுட்பமும் கவனமுமே.

கனடா மகளிர் அணியின் கதையையும் நீங்கள் அறிய வேண்டும். 2013இல் உலகக் கிண்ணப் போட்டி நம் பக்கத்து ஒஷாவாவிலேயே நடந்தது. இறுதி ஆட்டத்தில் அமெரிக்காவிடம் 19-5 என்று நம் அணி தோற்றது. சொந்த மண்ணில் அப்படித் தோற்ற பிறகும் அவர்கள் சோர்ந்துவிடவில்லை. 2015இல் எடின்பரோவில் 19 வயதுக்குட்பட்ட கனடாப் பெண்கள் அமெரிக்காவை 9-8 என்று வென்று முதன்முறையாக அந்தப் பிரிவின் உலகச் சாம்பியன் ஆனார்கள். பெரியவர்களின் அணி 2017இல் இங்கிலாந்தின் கில்ட்ஃபோர்டில் 10-5 என்றும், 2022 ஜூலையில் மேரிலாந்தின் டவ்சனில் 11-8 என்றும் மீண்டும் அமெரிக்காவிடமே இறுதி ஆட்டங்களை இழந்தது. அதே ஜூலையில் அலபாமாவின் பர்மிங்ஹாமில் நடந்த உலக விளையாட்டுகளில், ஆறு பேர் ஆடும் குறுகிய வடிவத்தில், 14-12 என்று அமெரிக்காவை வென்று தங்கம் பெற்றது. 19-5 என்ற அந்தத் தோல்வியைத்தான் நான் மாணவியருக்கு அடிக்கடி நினைவூட்டுகிறேன். கணிதத்தில் ஒருமுறை புள்ளி குறைந்ததும் அழுகிற பிள்ளைக்கு நான் சொல்லக்கூடிய ஆயிரம் வார்த்தைகளைவிட அது பயன்படுகிறது.

1908இல் லண்டன் ஒலிம்பிக்கில் கனடா லக்ரோஸில் தங்கம் வென்றபோது ஆடியவர்கள் அனைவரும் ஆண்கள். 2028இல் லொஸ் ஏஞ்சல்ஸில் இந்த ஆட்டம் பதக்கத்துக்காகத் திரும்புகிறது. பெண்களுக்கு ஒலிம்பிக் லக்ரோஸில் இதுவே முதல் வாய்ப்பு.

பெண்களின் ஆட்டம் வளர்ந்ததே ஒரு பள்ளியில்தான். ஸ்கொட்லாந்தின் சென்ட் லெனார்ட்ஸ் மகளிர் பள்ளியின் முதல் தலைமையாசிரியை லூயிசா லம்ஸ்டன் 1884இல் கனடா வந்தபோது மொன்றியலில் ஓர் ஆட்டத்தைக் கண்டு மகிழ்ந்தார். 1890இல் அந்தப் பள்ளி மாணவியர் மட்டையோடு களமிறங்கினார்கள்.

அவர் கண்டது இந்த மண்ணின் பூர்வகுடிகள் தந்த ஆட்டம். பிரான்ட்ஃபோர்ட் அருகே கிராண்ட் ஆற்றங்கரையில் வாழும் ஹோடினொஷோனி மக்களுக்கு அது படைத்தவன் தந்த மருந்து. பெண்கள் மட்டையைத் தொடலாமா என்ற கேள்வி அவர்களுக்குள்ளேயும் இருந்தது. ஆயினும் 2009இல் பிராக் நகர உலகக் கிண்ணத்தில் அவர்களுடைய மகளிர் அணி தன் சொந்தக் கொடியோடு இறங்கியது. ஒலிம்பிக்கிலும் அந்தக் கொடியோடு ஆட வேண்டும் என்று அந்த மக்கள் கேட்கிறார்கள். அந்தக் கோரிக்கையின் கனம் நம் வீடுகளில் எவருக்கும் விளக்கத் தேவையில்லை.

புலமைப்பரிசில் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கனடா அணியின் வீராங்கனைகள் பலர் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் படித்துக்கொண்டே ஆடியவர்கள் என்பது உண்மை. அதற்காக அதையே கணக்குப் போட்டுப் பிள்ளையை விரட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவள் விரும்பி ஆடட்டும்.

புதிய நேரத்துக்கான சம்மதப் படிவத்தை இம்மாத இறுதிக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். பயிற்சியிலிருந்து நேரே வருகிறவர்கள் மட்டைகளை அலுவலக அறையில் வைக்கலாம். கண்காப்பு வாங்க வசதி குறைந்த வீடுகள் என்னிடம் தனியே சொன்னால் போதும், பள்ளி பார்த்துக்கொள்ளும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்