மைனிக்கு: அந்த 267 ரூபாய்க் கணக்கு

அன்புள்ள மைனிக்கு,

நெல்லையப்பர் தேர் இந்த 2025-ஆம் ஆண்டும் ஓடி முடிந்துவிட்டது. 2024-இல் வடம் அறுந்து அறுந்து தேர் நின்ற ஆனித் தேரோட்டத்தன்று இரவு, பாளையங்கோட்டையில் என் மாடி வீட்டில் நடந்தது உங்களுக்குத் தெரியும் என்பதால் அதை முதலிலிருந்து எழுதப்போவதில்லை. நம் வீட்டார் நாலைந்து பேர் இந்தப் பக்கத்தைப் படிக்கிறார்கள் என்பதை நானும் அறிவேன். அவர்களை முன்னிட்டுச் சில இடங்களைச் சுருக்கியே எழுதுகிறேன். விட்டதை நீங்கள் நிரப்பிக்கொள்வீர்கள்.

'எட்டுப் பேருக்கு இரவுச் சாப்பாடு, 267 ரூபாய்' என்று மறுநாள் நான் இங்கே எழுதியிருந்த கணக்கை இன்று மறுபடி எடுத்துப் பார்த்தேன். மகாராஜநகர் உழவர் சந்தையில் வாங்கிய கத்தரிக்காய், வாழைக்காய், சீனியவரைக்காய், முருங்கைக்காய், ஒரு மாங்காய் எல்லாம் சேர்ந்து 124 ரூபாய். அரிசி ஒரு கிலோ 58, அப்பளம் 40, தயிர் 35. துவரம்பருப்பு 350 கிராமுக்கு 10 ரூபாய். தலைக்கு 33 ரூபாய் சொச்சம் என்று வகுத்துக் காட்டி, மாதக் கடைசியிலும் நண்பர்களை அழைத்துச் சோறு போடலாம் என்று வேறு முடித்திருந்தேன். வாசகர்கள் பாராட்டினார்கள். அந்தப் பருப்பு எப்படிப் 10 ரூபாய்க்குக் கிடைத்தது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அது உங்கள் ரேஷன் அட்டைக்குக் கிலோ 30 ரூபாய் விலையில் கொடுத்த பருப்பு; கடையில் அப்போது கிலோ 150 ரூபாயைத் தாண்டியிருந்தது. அலுவலகத்தில் கணக்கெழுதிப் பிழைக்கிறவன் அதை அடக்க விலையில் எழுதிக்கொண்டேன். சொல்லப்போனால் அந்தப் பத்து ரூபாயையும் நான் உங்களிடம் இன்றுவரை கொடுக்கவில்லை.

அடுத்த மாதம் அண்ணன் கொண்டுவந்த பையில், வடகப் பொட்டலத்துக்கு அடியில், தினசரிக் காலண்டர் தாள் ஒன்று மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதன் பின்பக்கத்தில் பென்சிலால், அன்றைய சமையலுக்கு நீங்கள் தந்து நான் கணக்கில் எழுதாமல் விட்ட தேங்காய் இரண்டு, முருங்கைக்கீரை, நல்லெண்ணெய் 200 மில்லி, வடகம், உருளி என்று வரிசையாக எழுதி, எதற்கு நேரேயும் விலை போடாமல் விட்டிருந்தீர்கள். கோபமாக இரண்டு வரி எழுதியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். வெறும் பட்டியலுக்கு என்ன பதில் எழுதுவது? கோபம் இருந்தும் வடகத்தை ஏன் அனுப்பினீர்கள் என்பதும் எனக்கு விளங்கவில்லை. அந்த வடகத்தை நான் தாளித்துத் தின்றேன் என்பதையும் இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

ஆனால் நான் எழுத வந்தது பட்டியலைப் பற்றி அன்று.

அன்று இரவு ஏழே முக்கால் மணி. தேர் பார்த்துவிட்டு ஏழு பேரும் கால் கடுக்க வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் எனக்கு மேலதிகாரி. அரிசி, பருப்பு, காய் எல்லாம் ஒரே பாத்திரத்தில் சேர்த்து ஆக்குகிற கூட்டாஞ்சோற்றை நீங்கள் செய்து நான் பத்து முறையாவது பார்த்திருப்பேன். பார்த்ததும் செய்ததும் ஒன்று என்று நினைத்துவிட்டேன். பருப்பு அரை வேக்காட்டில் கிடக்கும்போதே புளியைக் கரைத்து ஊற்றிவிட்டேன். புளிப்பு ஏறிய பருப்பு அதற்குமேல் எளிதில் வேகாது என்பது அரை மணி நேரம் கொதித்தும் விரலுக்கிடையில் அது கல்லாக நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. தொலைபேசியின் ஸ்பீக்கரைப் போட்டு அரிசி டின்மேல் வைத்துவிட்டு உங்களை அழைத்தேன்.

நீங்கள் சிரிக்கவில்லை. "வடிச்ச புளித்தண்ணிய கொட்டிராதீங்க தம்பி, பொறவு ஆகும்" என்றுதான் தொடங்கினீர்கள். தட்டை வைத்து உருளியைச் சரித்து அந்தத் தண்ணீரைத் தனியே எடுத்து வைக்கவும், புதிதாக வெந்நீர் ஊற்றி ஆப்பச்சோடா ஒரு சிட்டிகை போட்டு மூடவும் சொன்னீர்கள். அதற்குள் அப்பளத்தைப் பொரித்து அவர்களிடம் கொடுத்தால் பசி கொஞ்சம் தாங்கும் என்று நீங்கள் சொன்ன யோசனை, கல்லிடைக்குறிச்சி அப்பளத்தின் புண்ணியத்தில், அன்று என் மானத்தைக் காப்பாற்றியது. பருப்பு குழைந்த பிறகு அரிசியும் காயும், தேங்காயும் சீரகமும் மிளகாய் வத்தலும் அரைத்த விழுதும், சோறு முக்கால் வேக்காடு வந்ததும் எடுத்து வைத்த அதே புளித்தண்ணீரும் என்று, நாற்பது நிமிடம் போனை வைக்காமல் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். இடையில் அண்ணன் சாப்பாடு கேட்டதும், பொறுக்கச் சொல்லி நீங்கள் அவரை அடக்கியதும் என் காதில் விழுந்தன.

அப்போதுதான் ஒரு நண்பர் அடுக்களை வாசலில் வந்து நின்று, போனில் யார் என்று கேட்டார்.

"யாருமில்லை" என்றேன்.

ஸ்பீக்கர் போட்டிருக்கிறது என்பதை அந்த நொடியில் மறந்தேன் என்று இத்தனை மாதமும் எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். மறக்கவில்லை, மைனி. சொல்லும்போதே தெரியும். உங்கள் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, குரலில் எந்த மாற்றமும் இல்லாமல், "இப்ப கீரையப் போடுங்க, போட்டுட்டு ரொம்பக் கிண்டாதீங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். வடகத்தைத் தாளித்துக் கொட்டுவது எனக்கே தெரியும் என்று விட்டீர்களா, அதற்குமேல் என்னோடு பேச வேண்டாம் என்று விட்டீர்களா என்பதை நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். சாப்பாடு நன்றாக இருந்தது. அதிகாரி மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்கு என்னிடம் காரணம் இல்லாமல் இல்லை. தனியாக வீடெடுத்துத் தானே சமைத்துச் சாப்பிடுகிறவன் என்று அந்த ஏழு பேரிடமும் ஒரு பெயர் எடுத்திருந்தேன். அதைக் கடைசி அரை மணி நேரத்தில் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. அந்தப் பெயர் எனக்கு எதற்குத் தேவைப்பட்டது என்று கேட்டால், மைனி, அதில் உங்களுக்கும் பங்கு உண்டு. நான் பாளையங்கோட்டைக்குக் குடி வந்த அன்று, வீடு நிறைய ஆள் இருக்கும்போது, "மூணு நாள் சமைப்பாரு, நாலாம் நாள் பரோட்டாக் கடைதான்" என்று நீங்கள் சொன்னதும் எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். நீங்கள் விளையாட்டாகச் சொன்னதை நான் ஓராண்டு சுமந்துகொண்டு திரிந்தேன். அதற்காக நான் செய்தது சரியாகிவிடாது என்பதும் தெரியும்.

எனக்கு ஆற்றாமை வேறொன்றிலும் உண்டு. என்னை நேரே அழைத்து நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டாமல் இருந்துவிட்டீர்கள்; ஆனால் சேரன்மகாதேவிக் கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது, புளியில்லாக் குழம்பு மாதிரி 'யாருமில்லாச் சோறு' என்று ஒன்று உண்டாமே என்று ஒருவர் என்னைப் பார்த்துக் கேட்டார். கேட்டவர் யார் என்பதை இங்கே எழுதமாட்டேன். விஷயம் எவர் வழியாக அங்கே போய்ச் சேர்ந்தது என்பதையும் நான் விசாரிக்கவில்லை. இலையில் இருந்ததை முடிக்காமல் எழுந்துவிட்டேன்; நீங்கள் அப்போது அடுத்த வரிசையில்தான் இருந்தீர்கள்.

சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் காக்கைக்குக் கறுப்புத் துணி கட்டி, சின்ன வெங்காயத்தை அரிந்து உளுந்து மாவோடு பிசைந்து நீங்கள் உருட்டி வைத்த வடகத்தை, மாலையில் மழை மேகம் கூடினால் ஓடிப்போய் அள்ளுவது பள்ளி நாளில் என் வேலையாக இருந்தது. ஒருமுறை நான் தூங்கிவிட்டேன். நனைந்ததையெல்லாம் நீங்கள் மறுபடி காய வைத்தீர்கள், அம்மாவிடம் சொல்லவில்லை. இதை நான் எந்தக் கணக்கில் எழுதுவேன்?

வருகிற ஞாயிற்றுக்கிழமை அதே ஏழு பேரை மறுபடி அழைத்திருக்கிறேன், அதே கூட்டாஞ்சோறுதான். முன்கூட்டியே விலை விசாரித்து எழுதி வைத்திருக்கிறேன். காய்கறி 140, அரிசி 60, கடைப் பருப்பு 42, அப்பளம் 45, தயிர் 40, நல்லெண்ணெய் 80, முருங்கைக்கீரை 20. தேங்காய் இந்த ஆண்டு ஏறிக் கிடக்கிற விலையில் இரண்டுக்கு 80. மொத்தம் 507 ரூபாய். எட்டால் வகுத்தால் தலைக்கு 63 ரூபாய் சொச்சம். இப்போதும் எந்த ஓட்டலைவிடவும் மலிவுதான், போன ஆண்டு நான் பீற்றிக்கொண்ட அளவுக்கு இல்லை. வடகத்துக்கு நேரே மட்டும் நீங்கள் விட்ட மாதிரியே நானும் விட்டிருக்கிறேன். கடையில் பாக்கெட்டில் விற்கிறார்கள். அந்த விலையை அங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. பழைய கணக்குப் பதிவை அழிக்கவில்லை. அதன் மேலேயே இந்தக் கடிதத்துக்கு வழி காட்டியிருக்கிறேன்.

நீங்களும் அண்ணனும் ஞாயிறு இரவு சாப்பிட வர வேண்டும் என்று கேட்கத்தான் இவ்வளவும். வந்தால் அரிசியையும் பருப்பையும் இரண்டு கை கூட்டிப் போடுவேன், கணக்கு மாறட்டும். வர மனமில்லையென்றால் அதையும் நேரே சொல்லுங்கள், வேறு யார் மூலமும் வேண்டாம். எப்படியானாலும் உருளி எனக்கு வேண்டும். என்னிடம் இருக்கிற பாத்திரத்தில் அடி பிடிக்கும். அண்ணனிடம் கொடுத்தனுப்ப வேண்டாம். சனிக்கிழமை காலை செங்கோட்டை பாசஞ்சரில் ஏறி அம்பாசமுத்திரத்துக்கு நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். அந்தப் பத்து ரூபாயும் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கொழுந்தன்