செம்புக்காக உடைக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

முத்தியால்பேட்டையில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். பழைய வேக்கும் கிளீனர்களைச் சேர்ப்பது என் பைத்தியம். வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது!

காந்தி வீதி ஞாயிறு சந்தையில் ஒரு பழைய யூரோகிளீன் கிடைத்தது. டை கட்டிய விற்பனையாளர்கள் வீடு வீடாக வந்து ஓட்டிக் காட்டுவார்களே, அந்த ரகம். மூடியைக் கழற்றினால் உள்ளே காயிலே இல்லை. செம்புக்காக உருவிவிட்டார்கள். கைப்பிடிச் செம்புக்கு என்ன பெரிதாகக் கிடைத்துவிடும்?

அதில் இருப்பது யுனிவர்சல் மோட்டார். மிக்சியிலும் அதேதான். அசையாமல் நிற்கும் ஃபீல்டு காயிலும், நடுவில் சுழலும் ஆர்மேச்சரும் ஒரே வரிசையில் இணைந்திருப்பதால், மின்சாரம் திசை மாறினால் இரண்டின் காந்தமும் சேர்ந்தே மாறும், சுழற்சி மாறாது. ஏசி, டிசி இரண்டிலும் ஓடும். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் தண்ணீர் மோட்டார் நிமிடத்துக்கு 3000 சுற்றைத் தாண்டாது. இது 20,000 வரைகூடப் போகும்.

நின்றுபோனால் சுழலும் பாகத்தை உரசி மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டான கார்பன் பிரஷை முதலில் பாருங்கள், பெரும்பாலும் தேய்ந்திருக்கும். அப்புறம், பிரஷ் உரசும் செம்பு உருளையான கம்யூட்டேட்டரில் சாக்லேட் நிறத்தில் சீராக ஒரு படலம் தெரியும். உடனே உப்புத்தாளை எடுக்காதீர்கள். அது அழுக்கல்ல, பிரஷ் சீக்கிரம் தேயாமல் காப்பதே அதுதான். திட்டுத்திட்டாகக் கருகியிருந்தால் மட்டும் கை வைக்கலாம்.

பழைய இரும்புக் கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பிரிக்காமல் முழுசாக வையுங்கள். எடைக்கு மேல் காசு தர என்னைப் போல் ஆட்கள் இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி